கம்பைல் நேரத்தில் மியூட் ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும்?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங்கில் உணர்கருவிகள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். தரவு சிதைந்துள்ளதா என்று கண்டறியும் சிஆர்சி-32 சரிபார்ப்புக்கான 256 எண்கள் கொண்ட அட்டவணையை ரஸ்ட் நிரலாக்க மொழியில் கம்பைல் நேரத்திலேயே (நிரல் இயங்கும் முன், கம்பைலர் அதை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே) உருவாக்க விரும்பி, அட்டவணையின் மியூட் ரெஃபரன்ஸை (மதிப்பை மாற்றும் உரிமையுடன் அதைச் சுட்டும் குறிப்பை) பெற்று நிரப்பும் கான்ஸ்ட் ஃபங்ஷன் (கம்பைல் நேரத்திலும் இயங்கக்கூடிய ஃபங்ஷன்) ஒன்றை எழுதினேன். என் மடிக்கணினி அதை ஏற்கிறது. நிரல்களைக் கம்பைல் செய்யும் அலுவலக பில்ட் சர்வர் மறுக்கிறது. முடிவை மியூட் ரெஃபரன்ஸாகவே கான்ஸ்ட்டில் (மாறிலியில்) வைத்தால் இரண்டிலும் இ0764 பிழை வருகிறது. ஏன்?

பதில்: இவை தனித்தனிச் சிக்கல்கள். முதலாவது, கம்பைலரின் பதிப்பு வேறுபாடு மட்டுமே. கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் மியூட் ரெஃபரன்ஸைப் பயன்படுத்தும் வசதி 2024 நவம்பரில் வெளியான 1.83 பதிப்பில்தான் நிலைபெற்றது. உங்கள் சர்வரில் அதற்கு முந்தைய கம்பைலர் இருக்க வேண்டும்.

இரண்டாவதை எந்தப் பதிப்பும் தீர்க்காது, தீர்க்கவும் கூடாது. கான்ஸ்ட் என்பது நினைவகத்தில் ஓரிடம் அன்று; பெயர் வரும் இடந்தோறும் புதிதாக எடுத்து வைக்கப்படும் மதிப்பு. அந்த மதிப்பே மியூட் ரெஃபரன்ஸாக இருந்தால், வீவக (அரசு அடுக்குமாடி வீடமைப்பு) புளோக்கின் கீழ்த்தளத்திலுள்ள ஒரே அஞ்சல்பெட்டிக்கு, "இது ஒன்றுதான் சாவி" என்று சொல்லி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவி கொடுத்த கதையாகிவிடும். ஒரு நேரத்தில் ஒருவருக்கே மாற்றும் உரிமை என்ற ரஸ்ட்டின் விதி அங்கேயே உடைந்துவிடும். கணக்கீட்டின் நடுவே மியூட் ரெஃபரன்ஸ் பிறந்து மறையலாம். இறுதி மதிப்பில் எஞ்சக்கூடாது என்பதே வரம்பு.

ஆகவே, ஃபங்ஷனுக்குள் அட்டவணையை லோக்கல் மாறியாக அறிவித்து, அதன் மியூட் ரெஃபரன்ஸை நிரப்பும் ஃபங்ஷனிடம் கொடுத்து, இறுதியில் அட்டவணையையே மதிப்பாகத் திருப்பி அனுப்புங்கள். அதை கான்ஸ்ட்டில் வைப்பதைவிட ஸ்டேட்டிக்கில் (நினைவகத்தில் நிலையான ஓரிடம் கொண்ட மாறியில்) வைப்பதையே நான் விரும்புவேன்: 1,024 பைட்டுகள் ஒரே இடத்தில் நிற்கும், பயன்படுத்துமிடமெல்லாம் நகலெடுக்கப்படும் அபாயமில்லை. மாற்றத்தக்க ஸ்டேட்டிக்கான ஸ்டேட்டிக் மியூட் இப்பிழையிலிருந்து விடுவிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருபோதும் மாறாத அட்டவணைக்கு அந்த அன்சேஃப் (பாதுகாப்பைக் கம்பைலர் உறுதிசெய்யாத) வழி தேவையற்றது.

சர்வரைப் புதுப்பிக்க அனுமதி கிடைக்காவிட்டால், நிரப்பும் துணை ஃபங்ஷனை விட்டுவிட்டு, லோக்கல் அட்டவணையின் உறுப்புகளுக்கு நேரடியாக மதிப்பளியுங்கள். 2020இல் வந்த 1.46 முதலே இது செல்லும். சுழற்சிக்கு வைல் பயன்படுத்துங்கள். ஃபார் சுழற்சி இட்டரேட்டரை (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கருவியை) அழைப்பதால் அங்கே எடுபடாது.

ஒன்றைக் கூடுதலாகச் செய்யலாம். ஈதர்நெட்டும் ஸிப்பும் பயன்படுத்தும் வழக்கமான சிஆர்சி-32 என்றால், பிட் வரிசையைத் தலைகீழாகக் கொண்ட அட்டவணையில், சுழியத்திலிருந்து எண்ணும்போது 1ஆம் இடத்தில் பதினாறடி எண்முறையில் 77073096 இருக்க வேண்டும். கம்பைலர் 1.57 அல்லது அதற்குப் பிந்தையதென்றால், அதை கான்ஸ்ட்டுக்குள் அசெர்ட் செய்துவிடுங்கள் (சரியில்லையென்றால் பிழை காட்டும்படி சோதித்துவிடுங்கள்). தவறான அட்டவணையுடன் பில்ட் முடியவே முடியாது.