ஓட்டைத் துளைக்கும் கடல்நத்தை: வாசகர் கேள்விகள்

கேள்வி: வட அட்லாண்டிக் பாறைக்கரையில் எடுத்த மட்டி ஓட்டில் ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளை இருக்கிறது. யார் செய்த வேலை இது?

பதில்: பெரும்பாலும் நுசெல்லா லாபில்லஸ் என்னும் நத்தை, வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டர் அளவே இருக்கும். பாதத்தின் அடியிலுள்ள உறுப்பிலிருந்து சுரக்கும் நீர்மத்தால் ஓட்டை இளக்குவதும், பல் வரிசை பொருந்திய நாக்கால் இளகியதைச் சுரண்டுவதுமாக மாறி மாறி உழைத்து, ஒரு மட்டியைத் துளைக்கவே இது நாள்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிறகு உறிஞ்சுகுழலை உள்ளே நீட்டிச் சதையை உண்கிறது. துளையின் பக்கங்களை உருப்பெருக்கியால் பாருங்கள்: செங்குத்தாக இருந்தால் இந்த நத்தையின் குடும்பம், விளிம்பு சரிந்து புனல்போல் இருந்தால் மணலில் வாழும் நிலாநத்தைகளின் குடும்பம்.

கேள்வி: மட்டியால் தப்ப முடியாதா?

பதில்: முடியும். பாறையைப் பற்றிக்கொள்ளத் தான் சுரக்கும் இழைகளையே நத்தையின் மீதும் ஒட்டி, அக்கம்பக்கத்து மட்டிகளுமாகச் சேர்ந்து அதைக் கட்டிப்போடுவதுண்டு. கவிழ்த்துக் கட்டப்பட்ட நத்தை பட்டினியால் இறக்கிறது. அசையாத உயிர் என்று மட்டியைக் குறைவாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: மனிதரைக் கொட்டுமா?

பதில்: கொட்டாது. நச்சு அம்பு எய்வன கூம்பு நத்தைகள். அவை வேறு குடும்பம்.

கேள்வி: சில துறைமுகங்களில் இந்த இனமே அற்றுப்போனது ஏன்?

பதில்: கப்பலின் அடிப்பகுதியில் உயிரினங்கள் ஒட்டாதிருக்கப் பூசிய டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணமே காரணம். ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் அளவுக்கு அது கரைந்திருந்தாலே பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கத் தொடங்கியது. பாதிப்பு முற்றியபோது முட்டை வெளியேறும் வழி அடைபட்டு, அவை இனப்பெருக்கம் செய்ய இயலாமல் மடிந்தன. பிரான்ஸ் 1982இலும் பிரிட்டன் 1987இலும் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தன. 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு ஒப்பந்தம் 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஏனெனில் இதன் குஞ்சுகள் நீரில் மிதந்து பரவும் பருவமே இல்லாமல், முட்டை உறையிலிருந்து சிறு நத்தைகளாகவே ஊர்ந்து வெளிவருகின்றன. ஆகவே ஒருமுறை அழிந்த கரைக்கு அவை திரும்பிவர நெடுங்காலம் பிடிக்கிறது.

கேள்வி: அந்த முட்டை உறைகளை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: பாறை இடுக்குகளில், நெல்மணி அளவில், வெளிர்மஞ்சள் நிறச் சிறு குடுவைகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருந்தாலும், பெரும்பாலானவை உள்ளே வளரும் சில குஞ்சுகளுக்கு உணவாகிவிடுகின்றன. பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பிடுங்கினால் அவை மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை.