கரண்டைக் கால் அடிக்கடி பிரளுதா? ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் குமுளி, வண்டன்மேடு பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் மூட்டு அறுவைக்குப் பிந்தைய பயிற்சியில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட்.

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். சரிவில் இறங்கும்போது வலது கால் உள்பக்கமா மடங்கிக்கிட்டே இருக்கு. ஸ்கேனில் வெளிப்பக்க ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. உடனே ஆபரேஷன் பண்ணணுமா சார்?

வேண்டாம்மா. ஜவ்வு கிழிந்திருப்பதை ஸ்கேன் காட்டும். கால் தளர்ந்திருக்கிறதா என்பதைக் கை வைத்துத்தான் பார்க்கணும். பாதத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, குதிகாலைப் பிடித்து முன்னால் இழுப்பார்கள். மற்றக் காலைவிட அதிகமாக நழுவி வந்தால் தளர்ச்சிதான்.

சரிவில் ஏன் மடங்குகிறது? கணுக்கால் குழிக்குள் உட்காரும் தாலஸ் எலும்பு முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். இறங்கும்போது பாதம் கீழ்நோக்கிப் போகும், ஒடுக்கமான பாகம் குழிக்குள் வரும், எலும்பின் பிடி குறையும். அப்போது பாரம் முழுக்க வெளிப்பக்க ஜவ்வின் மேல்தான். அட்டைக்குப் பயந்து போடும் கம்பூட் கணுக்காலில் தொளதொளவென்று இருப்பதால் அதை நம்ப முடியாது. லேஸ் கட்டும் கணுக்கால் பிரேஸ் போட்டு, அதன் மேல் ஒரு சைஸ் பெரிய பூட் போடுங்கள்.

முதலில் மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி. பத்து நாள் கரண்ட் வைத்து மெழுகு ஊற்றியதைப் பலர் 'பிசியோ பண்ணிட்டேன்' என்று சொல்கிறார்கள். அது கணக்கில் வராது. ரப்பர் பட்டையைக் கட்டில் காலில் கட்டிப் பாதத்தில் மாட்டி, வெளிப்பக்கம் தள்ளி, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாகத் திருப்பி விடுங்கள். 15 முறை, மூன்று சுற்று. பிறகு வெறுங்காலில் ஒற்றைக்காலில் 30 விநாடி, ஐந்து தடவை. தடுமாறாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி, அப்புறம் மடித்த தலையணை மேல். மூன்று மாதத்துக்குப் பிறகும் மடங்கினால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

கம்பத்திலிருந்து: ஆபரேஷனில் பல வகை சொல்றாங்க. எது நல்லது?

பெரும்பாலானவர்களுக்கு பிராஸ்ட்ராம்-கூல்ட் முறை போதும். ஸ்வீடன் சர்ஜன் பிராஸ்ட்ராம் 1966-இல் எழுதிய முறையை, கூல்ட் 1980-இல் வலுப்படுத்தினார். வெளிக் கரண்டை முட்டுக்கு முன்னால் சின்னதாகக் கீறி, தொய்ந்த ஜவ்வைச் சுருக்கி, நூல் கோத்த சிறு ஆங்கர்களால் எலும்பில் மறுபடி தைப்பார்கள். அதன் மேல் பக்கத்திலிருக்கும் பட்டைத் திசுவை இழுத்துப் போர்த்துவதுதான் கூல்ட் சேர்த்தது.

கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவுக்கு மூட்டுகள் இளக்கமானவர்கள், உடல் எடை அதிகமானவர்கள், ஏற்கெனவே தைத்துத் தோற்றவர்கள் ஆகியோருக்குத் தையல் மட்டும் நிற்காமல் போகலாம். அவர்களுக்கு உறுதியான நாடா சேர்ப்பார்கள், அல்லது தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வு அமைப்பார்கள். பழைய முறைகள் சிலவற்றில் பெரோனியஸ் பிரெவிஸ் தசைநாணை வெட்டிப் பயன்படுத்துவார்கள். மடங்கும் காலைக் கடைசி நொடியில் வெளியே இழுத்துக் காப்பாற்றுவதே அந்தத் தசைதான். அதோடு கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டும் இறுகிப்போகும். மேடு பள்ளத்தில் நடப்பவருக்கு அது சிரமம். எந்த முறை என்று கேட்டுவிட்டே சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்.

கூடலூர் கபடி வீரர்: தைச்சு ஒரு வருஷம் ஆகுது. திரும்பவும் மடங்குது. தையல் விட்டுப்போச்சா?

விட்டிருக்கலாம். ஆனால் ஏன் விட்டது என்று பார்க்காமல் மறுபடி தைத்தால் மறுபடியும் விடும். நேராக நின்று முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பாதத்தின் உள்பக்கம் குதிகால் சதை எட்டிப் பார்த்தால், குதிகால் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட காலில் ஒவ்வொரு அடியும் வெளி ஜவ்வை இழுக்கிறது; எவ்வளவு நல்ல தையலும் நாளாவட்டத்தில் தொய்யும்.

டாக்டர் சுமார் 2.5 செ.மீ. மரக்கட்டை மேல் குதிகாலையும் பாதத்தின் வெளியோரத்தையும் வைத்து, பெருவிரல் பக்கத்தைக் கீழே தொங்க விட்டு நிற்க வைப்பார். குதிகால் நேரானால் கோளாறு முன்பாதத்தில். நேராகாவிட்டால் குதிகால் எலும்பையே வெட்டி வெளியே நகர்த்த வேண்டி வரலாம். வெளிக் கரண்டைக்குப் பின்னால் ஓடும் பெரோனியல் தசைநாணின் கிழிசல், தாலஸ் மேலுள்ள குருத்தெலும்புக் காயம் இரண்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். இவை விட்டுப்போனால் கால் உறுதியானாலும் வலி தீராது.

குமுளியிலிருந்து: ஆபரேஷனுக்குப் பிறகு எப்போ நடக்கலாம்? உழிச்சல் (எண்ணெய் தேய்த்து நீவுவது) பண்ணலாமா?

உங்கள் சர்ஜன் சொல்வதே முதல் கணக்கு. பொதுவாக இப்படி இருக்கும். முதல் இரண்டு வாரம் மாவுக்கட்டு, கால் ஊன்றக் கூடாது, நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கணும். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தையல் பிரித்ததும் காலைத் தாங்கிப் பிடிக்கும் வாக்கர் பூட் போட்டு, ஊன்றுகோலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம். பாதத்தை மேலே கீழே அசைக்கலாம். உள்பக்கம் திருப்புவது மட்டும் ஆறு வாரம் கூடவே கூடாது.

உழிச்சலில் சிக்கல் அங்கேதான். எண்ணெயில் குற்றமில்லை, பாதத்தைப் பிடித்து முறுக்குவதுதான் தைத்த ஜவ்வை நீட்டிவிடும். மூன்று மாதம் யார் கையிலும் காலைக் கொடுக்காதீர்கள். காயம் நன்றாக மூடிய பிறகு தழும்பை நீங்களே விரலால் நீவிக்கொள்ளலாம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு பூட் போய் பிரேஸ். மேலே சொன்ன ரப்பர் பட்டை, ஒற்றைக்கால் பயிற்சிகள் அப்போது தொடங்கும். 12 வாரம் அளவில் சமதரையில் நேர் ஓட்டம். கபடி, வாலிபால் போல வெட்டித் திரும்பும் ஆட்டத்துக்கு நாலிலிருந்து ஆறு மாதம். நாள்காட்டியைப் பார்த்து இறங்காதீர்கள். ஒற்றைக்கால் தாண்டலில் நல்ல கால் போகும் தூரத்தில் 90 சதவீதமாவது வரணும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பாதத்தின் மேல்புறம் மரத்திருக்கு. பயப்படணுமா?

கீறும் இடத்துக்குப் பக்கத்தில் தோல் நரம்பு ஓடுகிறது. சில மாதத்தில் பெரும்பாலும் தெளியும். தழும்பைத் தட்டினால் ஷாக் அடித்த மாதிரி விரலுக்குப் பாய்ந்தால் சர்ஜனிடம் காட்டுங்கள்.

ஜீப் ஓட்டுறேன், மலைப்பாதை. எப்போ திரும்பலாம்?

பூட் கழற்றிய பிறகு, நின்ற வண்டியில் பிரேக்கைத் திடீரென ஓங்கி மிதித்துப் பாருங்கள். வலியோ தயக்கமோ இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. இடது கால் என்றாலும் கிளட்ச் இருக்கிறது, அதே சோதனைதான்.

சம்மணம் போட்டு உட்காரலாமா?

மூன்று மாதம் வேண்டாம். சம்மணத்தில் பாதம் உள்பக்கம் மடங்கி, தைத்த இடமே தரையில் அழுந்தும். சாப்பாட்டுக்கு நாற்காலி. குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பத்து வாரம் வரை வெஸ்டர்ன் வசதியோ, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியோ ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தியே பண்ணிவிடுங்கள்.