பதில்: ஸ்காட்லாந்துப் பள்ளிக்கு நம்ம சாப்பாட்டை எப்படிக் காட்டறது?

வணக்கங்க டீச்சர். ஸ்காட்லாந்துப் பள்ளியோட சேர்ந்து ஒரு பருவம் முழுக்க நல்ல சாப்பாடு, உடற்பயிற்சின்னு செய்யணும், ஆனா நம்ம பசங்க பையில சிப்ஸ் பாக்கெட்தான் இருக்குதுன்னு கோபியில இருந்து எழுதியிருந்தீங்க.

அந்தப் பாக்கெட்லயே ஆரம்பிங்க. பின்னால அச்சடிச்ச கொழுப்பு, உப்பு அளவை 100 கிராமுக்கு எவ்வளவுன்னு ரெண்டு ஊர்ப் பசங்களும் ஒப்பிடட்டும். நம்ம பாக்கெட்ல உப்புக்குப் பதிலா சோடியம்னு இருக்கும், அதை 2.5ஆல பெருக்கினா உப்பு அளவு வந்துரும். கணக்குப் பாடமும் ஆச்சு.

தலைவாழை இலை விருந்து மட்டும் வேண்டாங்க. நாங்க அப்படித்தான் வீடியோ எடுத்து அனுப்பினோம். "தினமும் இதையா சாப்பிடறீங்க?"ன்னு ஸ்காட்லாந்துப் பொண்ணு ஒண்ணு கேட்டுது, எங்க பசங்க முழிச்சாங்க. அதுக்குப் பதிலா கொள்ளுப் பயறைக் காட்டுங்க. ராத்திரி ஊறப்போட்டு, காலையில வெள்ளைத் துணியில முடிஞ்சு வெச்சா அடுத்த நாள் முளை எட்டிப் பார்க்கும். தினம் ஒரு படம் போதும். இங்கிலீஷ்ல அதுக்கு 'ஹார்ஸ் கிராம்'னு பேருன்னு சொன்னா அங்க சிரிப்பு அடங்காது!

ஓட்டத்துக்கு அவங்ககிட்டயே சரக்கு இருக்குது. 'டெய்லி மைல்' 2012ல ஸ்டிர்லிங் ஊர்ப் பள்ளியில தொடங்கினதுதான்: சீருடையோடவே 15 நிமிசம் ஓட்டமோ நடையோ. நம்ம வெயிலுக்குக் காலை வழிபாட்டுக்கு முன்னாடியே முடிச்சுருங்க. பதிலுக்கு நொண்டியும் கபடியும் சொல்லிக்குடுங்க.

நேரலைன்னா மதியம் மூணு மணி வைங்க. அவங்களுக்குக் கோடையில பத்தரை, குளிர்காலத்துல ஒன்பதரை. அக்டோபர் கடைசியில கடிகாரத்தை மாத்துவாங்க, மறந்துறாதீங்க.