வயதானவர்கள் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி எது? அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். "எந்திரிச்சா கண்ணைக் கட்டுது, தலை கிறுகிறுங்குது, எதுனாலங்க அம்மிணி?" இதுதான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் 18 வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். மூட்டு வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் உடனே பதில் சொல்வதில்லை. "மாத்திரைப் பையைக் கொடுங்கம்மா" என்று வாங்கி, மேஜையில் கொட்டிவிடுவேன். வியாதியைப் பற்றி அவர்கள் சொல்லாததை அந்தப் பை சொல்லிவிடும்.

போன வருடம் 74 வயது அம்மா ஒருவர் வந்தார். மாட்டுத் தொழுவத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஜவுளிக்கடை மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்க்க முயன்றார். விரல்கள் நடுங்கின, முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பேத்திதான் அவிழ்த்துக் கொடுத்தாள். உள்ளே ஆறு வகை மாத்திரை. அரசு சுகாதார நிலையத்தில் வாங்கிய பிரஷர் மாத்திரை ஒன்று, அம்லோடிபின் 5 மி.கி. மகன் டவுனுக்கு அழைத்துப்போனபோது எழுதிய இன்னொரு பிரஷர் மாத்திரை. அதில் டெல்மிசார்டனோடு அதே அம்லோடிபின் 5 மி.கி. சேர்ந்திருந்தது. பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. அவருக்கு இரண்டும் வேறு வேறு மருந்து. ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுவது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அம்லோடிபின் அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்கும். இவருக்கும் வீங்கியது. வீக்கத்துக்கு ஒருவர் நீர் மாத்திரை கொடுத்தார். அது உடம்பு நீரை இழுத்துப்போக, எழுந்தால் தலைசுற்றல். தலைசுற்றலுக்கு இன்னொருவர் சின்னரிசின் கொடுத்தார். வயதானவர்கள் அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் மாதிரியே கை நடுக்கம் வரலாம். இவர் நான்கு மாதம் சாப்பிட்டிருந்தார். அடுத்ததாக நடுக்கத்துக்கும் ஒரு மாத்திரை வந்திருக்கும். எழுதிக் கொடுத்த ஒவ்வொருவரும் அன்றைக்குச் சொன்ன தொந்தரவைத்தான் பார்த்தார்கள். பையை மொத்தமாக யாரும் பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். நானும் அவசரத்தில் பையைக் கேட்காமல் சீட்டு எழுதிய நாட்கள் உண்டு.

ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தேன்: 148/82. நிற்கவைத்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் 116/70. "இப்பத்தானுங்க, இப்பத்தான் வருது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். இளவயதில் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கி அதை ஈடுகட்டிவிடும். வயதானால் அந்தச் சுருக்கம் மெதுவாகிறது; பல வருடச் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் மெதுவாகிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதைக் கவனித்தே ஆகவேண்டும். உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியாது. உங்கள் டாக்டரிடம் "நிக்கவச்சு ஒரு தடவை பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆண்கள் என்றால் இன்னொன்றும் கேட்பேன்: சிறுநீர் சரியாகப் போவதற்கு ராத்திரி மாத்திரை உண்டா? புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும் நின்றால் பிரஷரை இறக்கக்கூடியது. ராத்திரி இரண்டு மணிக்கு அவசரமாகக் கழிவறைக்கு எழுந்து விழுகிறவர்கள் பலர். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைத்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். தாகம் எடுத்தால்தான் தண்ணீர் என்று இருக்காதீர்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரிவதில்லை. இருதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவுதான்.

படுக்கையில் புரளும்போது அறையே சுற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு விஷயம். உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்ளி முறையில் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். திடீர்த் தலைசுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் இழுத்தாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்காதீர்கள், உடனே 108. அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட, தொந்தரவு தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். தனி அம்லோடிபின், நீர் மாத்திரை, சின்னரிசின் மூன்றையும் ஒவ்வொன்றாக, வாரம் ஒரு முறை பிரஷர் பார்த்துக்கொண்டே நிறுத்தினோம். கால் வீக்கம் வற்றியது. தலைசுற்றலும் நின்றது. நடுக்கம் போக மூன்று மாதம் ஆனது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சில பிரஷர், இருதய மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து.

கேள்வி கேட்டவர் வெளியூரில் இருப்பவர் என்றால், அடுத்த வீடியோ காலில் அப்பா அம்மாவிடம் எல்லா அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். கத்தரித்துக் கொடுத்த அட்டையில் அது பாதி போயிருக்கும். அதனால் முழு அட்டையாக வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை மாத்திரைப் பையிலேயே போட்டுவைத்தால் போதும், எந்த டாக்டரிடம் போனாலும் கூடவே வந்துவிடும்.