இரும்புக் கதவு, இரண்டு லீவர்

பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் வீடியோ கேமில் லாஜிக் கேட் (ஆன்/ஆஃப் சிக்னல்களை வைத்து முடிவு சொல்லும் சுற்று) சொல்லித்தரப் போனால் மாணவர்கள் வீடு கட்டுவதிலேயே நேரத்தைப் போக்குகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சும்மா திறந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். சூப்பர்ஃபிளாட் உலகம் (வெறும் தட்டையான நிலம்), கிரியேட்டிவ் மோட் (பொருள்கள் வேண்டிய அளவு கிடைக்கும்), ஒரே வேலை: இரண்டு லீவரையும் போட்டால்தான் கதவு திறக்க வேண்டும். இரும்புக் கதவாக வையுங்கள். மரக்கதவு என்றால் கையாலேயே திறந்துவிடுவார்கள், விவரமானவர்கள்!

ரெட்ஸ்டோன்தான் இந்த கேமில் மின்சாரம் மாதிரி. ரெட்ஸ்டோன் டார்ச் ஒட்டியிருக்கும் பிளாக்குக்கு சிக்னல் வந்தால் டார்ச் அணையும். அதுதான் நாட் (NOT) கேட், வருவதைத் தலைகீழாக்குவது. இதை மட்டும் காட்டுங்கள். இரண்டு சிக்னலும் வந்தால் மட்டும் ஆன் ஆகும் ஆண்ட் (AND) கேட்டை மூன்று டார்ச்சை வைத்துச் செய்வதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கதவை 20 பிளாக் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது: ரெட்ஸ்டோன் தூளில் சிக்னல் 15 பிளாக்கோடு நின்றுவிடும், சிக்னலுக்கு மறுபடி முழு பலம் தரும் ரிப்பீட்டர் எதற்கென்று தானாகப் புரியும்.

அப்புறம், கட்டும் முன் உண்மை அட்டவணையை (எந்தெந்த லீவர் போட்டால் கதவு திறக்கும், திறக்காது என்ற பட்டியல்) தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதாதவர்களுக்கு லீவர் கிடையாது.