குளிர் ஊரில் கொதிக்கும் கார்டு: கேள்வி பதில்

ஊட்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். கம்ப்யூட்டர் திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டின் சூடு, ஃபேன் சத்தம், வேகம் இந்த மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதைப் பற்றி மலைக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: அண்ணா, வெளியே 12 டிகிரி குளிர். ஆனாலும் கேம் ஆடும்போது என் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 82 டிகிரிக்குப் போகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பனுக்கு அதே கார்டு 74தான். மிஸ்ட் படக்கூடாது என்று கேபினெட்டை மேஜைக்குக் கீழே கதவு வைத்த தட்டில் வைத்திருக்கிறேன். அதனால் ஏதாவது இருக்குமா?

அதனால்தான், தம்பி. வெளியே 12 டிகிரி என்பது கார்டுக்குத் தெரியாது. தன் ஃபேன் இழுக்கும் காற்று எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 170 வாட் கார்டு ஒன்று மூடிய தட்டுக்குள் அரை மணி நேரம் ஓடினால், தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்க ஆரம்பித்துவிடும். கேபினெட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மறுபடி ஆடிப் பாருங்கள்.

மலைக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாததற்கும் இதே மெல்லிய காற்றுதான் காரணம். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற காற்றின் எடை குறைவு, ஆகவே வாரிச் செல்லும் சூடும் குறைவு. தோராயக் கணக்கு ஒன்று போடலாம். உங்கள் நண்பரின் அறை 32 டிகிரி, கார்டு அதற்கு மேல் 42 ஏறி 74இல் நிற்கிறது. அதே கார்டு, அதே ஃபேன் வேகத்தில் இங்கே 48 அல்லது 50 ஏறும். அறை 17 டிகிரி என்றால் 67. மெல்லிய காற்று கொஞ்சம் பிடுங்கிக்கொண்டாலும் குளிர் நமக்கு ஏழு டிகிரியாவது மிச்சம் வைக்கிறது. அதைத் தட்டுக்குள் பூட்டி வீணாக்கிவிட்டீர்கள்!

82 டிகிரியால் கார்டு செத்துவிடாது. 3060க்கு அதன் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா கம்பெனி சொல்லும் உச்சம் 93. ஆனால் இந்தக் கார்டுகள் 83 டிகிரியை இலக்காக வைத்து ஓடுபவை. அதை நெருங்கும்போது வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் உச்சத்தில், வேகமும் குறைவு என்ற இடத்தில்தான் இப்போது நிற்கிறீர்கள்.

குன்னூர், கல்யாண வீடியோ எடிட்டர்: ராத்திரி எடிட் செய்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழுந்துவிடுகிறது. ஃபேன் வேகத்தைக் குறைத்தால் சூடு 85ஐத் தாண்டுகிறது. 3070 கார்டு. என்ன செய்யலாங்க?

எல்லாரும் முதலில் ஃபேனில்தான் கை வைக்கிறார்கள். சத்தம் வருவது சூட்டால், சூடு வருவது வாட்டால். ஆகவே வாட்டைக் குறைப்பதுதான் முதல் வேலை, ஃபேன் அதற்கு அப்புறம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற கம்பெனி கார்டுக்கும் அது வேலை செய்யும். அதில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கலாம் என்ற வாட் வரம்பை, 100 சதவீதத்திலிருந்து 70க்கு இறக்குங்கள். 220 வாட் கார்டு 154 வாட்டில் நிற்கும். வேகம் 30 சதவீதம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். கம்பெனி கார்டை விற்கும்போதே கடைசிச் சொட்டு வேகத்துக்காக வாட்டை வாரி இறைத்துத்தான் வைத்திருக்கும். அந்தக் கடைசிச் சொட்டைத்தான் நாம் விட்டுக்கொடுக்கிறோம். பத்து நிமிட எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு நிமிடம் கூடினால் அதிகம்.

இன்னும் நுணுக்கமாகப் போக ஆசையிருந்தால் அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதே வேகத்தை 1.05 வோல்ட்டுக்குப் பதில் 0.9 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால் கால் பங்குக்கு மேல் மிச்சம். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் ஒரு வளைகோடு வரும். முதலில் கோடு முழுவதையும் கீழே இறக்குங்கள். பிறகு 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1,800 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கிவிட்டு, டிக் குறியை அழுத்துங்கள். அதற்கு வலப்பக்கம் கோடு தட்டையாகிவிடும். ஒவ்வொரு சிப்பும் ஒரு மாதிரி, உங்களுடையது 1,850 தாங்கலாம், 1,750இலேயே தடுமாறவும் செய்யலாம். கேமில் ஒழுங்காக ஓடியது எக்ஸ்போர்ட்டில் விழுவதும் உண்டு. டெலிவரி கொடுத்து முடித்த ஒரு பழைய கல்யாணத்தையே முழுசாக மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். திரை கறுத்தாலோ மென்பொருள் மூடிக்கொண்டாலோ 15 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஃபேன். அதே ஆஃப்டர்பர்னரில் ஃபேன் வேகம் 60 டிகிரி வரை 35 சதவீதம், 75 டிகிரியில் 50, அதற்கு மேல் வேகமாக ஏறட்டும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும், பாதியாக்கினால் 15. ஃபேன் வேகக் கோடு படிக்கட்டு மாதிரி இல்லாமல் சரிவாக ஏறட்டும். ஒரே சீராக ஓடும் ஃபேனைக் காது பத்து நிமிடத்தில் மறந்துவிடும், குழந்தையும் தூங்கிவிடும். ஏறி இறங்கும் ஃபேனை யாராலும் மறக்க முடியாது.

கோத்தகிரி, பள்ளி ஆசிரியை: சார், கேம் எதுவும் ஆடுவதில்லை. சும்மா பிரௌசரில் வீடியோ பார்த்தாலே ஃபேன் நிமிடத்துக்கு ஒரு முறை டுர்ரென்று கிளம்பி நின்றுவிடுகிறது. பழுதா?

பழுதில்லை, டீச்சர். இப்போதைய கார்டுகள் 50, 55 டிகிரி வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும். உங்கள் கார்டு சரியாக அந்த எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. ஃபேன் சுற்றியதும் மலைக்காற்றில் சட்டென்று குளிர்ந்து நிற்கிறது, மறுபடி சூடாகிறது. ஆஃப்டர்பர்னரில் ஃபேன் நிற்பதையே ரத்து செய்து, குறைந்தபட்சம் 30 சதவீதத்தில் எப்போதும் சுற்ற விடுங்கள். அந்த வேகத்தில் உங்கள் காதுக்கு எட்டாது.

கூடலூர், கேமிங் சென்டர் நடத்துபவர்: ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் ஈரமும். கார்டுக்குள் நீர் கோத்துக்கொள்ளுமா? ராத்திரி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடலாமா?

ஓடிக்கொண்டிருக்கும் கார்டு அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும், அதில் நீர் கோக்காது. அணைத்து வாரக்கணக்கில் கிடக்கும் கார்டுதான் கெடும். சும்மா போட்டு வைக்காமல், தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரத்தை அது அடைத்து வைக்கும். பழைய பருத்தித் துணி போதும், அதுவும் அணைத்துச் சூடு ஆறிய பிறகு.

ஈரத்தில் தூசி பிசின் மாதிரி ஒட்டும். சமவெளி ஆட்களைப்போல ஊதிவிட்டால் போகாது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டிய பிறகு புளோயர், அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குளிர்காலத்தில் ஊட்டியிலிருந்து கார் டிக்கியில் கம்ப்யூட்டரை வைத்து மேட்டுப்பாளையம் இறங்குபவர்கள், போனதும் சுவிட்ச் போடாதீர்கள். குளிர்ந்த இரும்பில் கீழ்நாட்டு ஈரக்காற்று பட்டால் மூக்குக்கண்ணாடியில் படிவது போலப் படியும். இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள்.

அரவங்காடு: பழைய கார்டு ஒன்று வாங்கினேன். சாதாரண வெப்பநிலை 72 காட்டுகிறது, சிப்பிலேயே அதிகம் சூடான இடமான ஹாட்ஸ்பாட் 103. ஏமாந்துவிட்டேனா?

பாதி ஏமாற்றம். இரண்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 31 என்றால் சிப்புக்கும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவில் சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஓரமாக வழிந்துவிட்டது. என்விடியாவின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் கார்டுகள் பலவற்றில் 110 வரை அனுமதி உண்டு என்றாலும் இந்த வித்தியாசம் நல்லதில்லை. புதுப் பேஸ்ட் போடுங்கள். ஹனிவெல்லின் பிடிஎம்7950 கிடைத்தால் இன்னும் நல்லது. தாள் மாதிரி இருக்கும், 45 டிகிரியில் இளகி இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும், பேஸ்ட் மாதிரி சீக்கிரம் வழியாது.

மெமரி சிப்புகள் மேல் சூடு கடத்துவதற்காக இருக்கும் மெத்தை மாதிரியான பேடை மாற்றினால் பழையதன் தடிமனை அளந்துவிட்டு வாங்குங்கள். ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2 வைத்துவிட்டேன். ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடவே இல்லை. ஆன் செய்த ஒரு நிமிடத்தில் 100ஐத் தாண்டியது. கஸ்டமர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

லவ்டேல்: ஃபேன் நின்றிருக்கும்போதும் கீச்சென்று கொசு மாதிரி சத்தம்.

அது கார்டில் உள்ள காயில் என்ற கம்பிச்சுருள் அதிரும் சத்தம், ஃபேனுக்குச் சம்பந்தமில்லை. கேம் மெனுவில் கார்டு நொடிக்கு 400, 500 ஃபிரேம் வரைந்து தள்ளும்போது அதிகம் கேட்கும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஃபிரேம் ரேட்டை 60க்குக் கட்டிப்போடுங்கள். சூடும் கூடவே இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஃபிரேமுக்கு எதற்குக் கரண்ட்?

கொடைக்கானல், ஹோம்ஸ்டே நடத்துபவர்: ஊட்டிக்காரரிடம் கேட்கக் கூச்சம்தான். டிசம்பரில் ரூம் ஹீட்டருக்குப் பதில் 3080 கார்டையே ஓட விட்டால் என்ன?

கூச்சம் எதற்கு, அங்கேயும் இதே குளிர், இதே மெல்லிய காற்றுதானே. 320 வாட் கார்டு 320 வாட் ஹீட்டர்தான், உள்ளே போகும் கரண்ட் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். ஆனால் சாதாரண ரூம் ஹீட்டர் 1,000 முதல் 2,000 வாட். உங்கள் கார்டு கால் விரலை மட்டும் சூடாக்கும். எப்படியும் வீடியோ ரெண்டர் மாதிரி நீண்ட வேலை போட வேண்டியிருந்தால் அதைக் குளிரும் ராத்திரிக்கு ஒதுக்கிவையுங்கள்.

மஞ்சூர்: மழைக்காலத்தில் லைனில் மரம் விழுந்து கரண்ட் போவது வாடிக்கை. 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடுகிறது.

அந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும். கார்டு, பிராசசர், மானிட்டர் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பெயரளவு வாட்டுக்கு மேலே தாவுவதும் உண்டு. குன்னூர்க்காரருக்குச் சொன்ன 70 சதவீத பவர் லிமிட்டை வைத்துப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் விண்டோஸ் சின்னம் போட்ட பட்டனையும் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்து கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும்போது பழைய 100க்கே போய்விடும்.