தோட்டத்தில் கிடைத்த ஆந்தைக் குஞ்சை வீட்டில் வளர்க்கலாமா? கையில் பழகுமா?

வளர்க்கக் கூடாது. பழகுமா என்றால், பழகும். அதனால்தான் கூடாது என்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் தம்பி செம்பனை (பாமாயில் மரம்) காட்டில் ஆந்தைப் பெட்டிக்குக் கீழே கிடந்த குஞ்சைத் தூக்கி வந்துவிட்டார், நீங்கள் ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுக்கிறீர்கள், ஏதோ பூங்காவில் ஆந்தையைக் கையில் வைத்துப் படம் எடுத்தபோது அது சாதுவாக இருந்ததால் இதையும் அப்படிப் பழக்கிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். முதலில் அந்தப் பாலை நிறுத்துங்கள். ஆந்தைக்குப் பால் செரிக்காது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போனால் முடிந்தது கதை. அதற்கு வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் அது தின்னும் எலியிலேயே கிடைத்துவிடும். ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, சத்தமில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க வேண்டாம்.

இறக்கை தொங்கவில்லை, ரத்தம் இல்லை, கிட்டே போனால் சீறுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது என்றால் அது வந்த பெட்டிக்கே திரும்பப் போக வேண்டும். மனுசன் கை பட்டால் தாய் சேர்க்காது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள், ஆந்தைக்கு மோப்ப சக்தி அவ்வளவு கிடையாது. ஆனால் தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய் இறங்கி வந்து இரை கொடுப்பதும் அபூர்வம். அதனால் மரத்தடியில் விட்டுவிட்டு வந்தால் போதாது, பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். அடிபட்டிருந்தால் பெர்ஹிலித்தானை, அதாவது மலேசிய வனவிலங்கு இலாகாவைக் கூப்பிடுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. நீங்களாகவே கூப்பிட்டுக் கொடுப்பதுதான் உங்களுக்கும் நல்லது.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பவர்களுக்கு: நான் பறவை ஆராய்ச்சியாளன் இல்லை, மிருக வைத்தியரும் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். 2007இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான். என் அப்பா அந்தத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி பார்த்தவர். நான் பிறகு சிலாங்கூரில் ஒரு பறவைப் பூங்காவில் சில வருடம் வேலை செய்தேன், கொன்றுண்ணிப் பறவைகள் பகுதியில். கையால் தூக்கி, எடை போட்டு, இரை கொடுத்துப் பழகியதைத்தான் எழுதுகிறேன்.

பெட்டி எதற்கு என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் தோட்டங்களில் இருப்பது கூகை, வெள்ளை முகம் இதய வடிவத்தில் இருக்குமே, அது. ஒரு காலத்தில் மலேசியத் தீபகற்பத்தில் இதைக் காண்பதே அரிது. ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டியதை 1968இல்தான் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். செம்பனை வந்தது, எலி பெருகியது, எலியைத் தேடி ஆந்தை வந்தது. ஆனால் செம்பனையில் முட்டையிடப் பொந்து கிடையாது. அதற்காகத்தான் கம்பம் நட்டு, அதன் மேல் பலகைப் பெட்டி. குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி வருடத்துக்கு 1,000 எலிக்கு மேல் தின்னும்.

அப்பா குலை வெட்டும் வேலை முடித்து மத்தியானம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டி பார்க்கப் போவார், நான் நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு பின்னால். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, செத்தது உண்டா என்று மேலே இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒருநாள் என்னையும் ஏறச் சொன்னார். மூடியைத் திறந்ததும் முதலில் அடித்தது நாற்றம், அழுகிய எலியும் எச்சமும் கலந்து கண்ணைக் கரிக்கும். அப்புறம் சத்தம். குக்கரில் ஆவி போவது மாதிரி எல்லாக் குஞ்சும் சேர்ந்து சீறியது. ஒன்று பெரிதாக முகம் தெளிந்து, இன்னொன்று அதில் பாதி, கடைசிக் குஞ்சு வெறும் பஞ்சு. தாய் முட்டையை ஒரே நாளில் இடாது, இடைவெளி விட்டு இடும், முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும், அதனால் அண்ணன் தம்பி வரிசையாக இருக்கும். நான் கையை நீட்டியதும் பெரியது மல்லாந்து விழுந்து இரண்டு காலையும் மேலே தூக்கிவிட்டது. பயந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கையை எடு, அது அடிக்கத் தயாராகிறது என்று அப்பா கீழே இருந்து கத்தினார்.

பெட்டித் தரையெல்லாம் கறுப்பு உருண்டைகள். எலியின் மயிரையும் எலும்பையும் ஆந்தை உருட்டிக் கக்கிவிடும். ஒன்றைப் பிய்த்தால் உள்ளே எலி மண்டை ஓடு முழுசாக, முன்பல் இரண்டும் ஆரஞ்சு நிறத்தில். ரொட்டி ஏன் ஆகாது என்பதற்கு அந்த உருண்டையே போதும். அந்த உடம்பு எலும்பையும் தோலையும் மயிரையும் சேர்த்து விழுங்குவதற்கென்றே அமைந்தது.

பிறகு ஒரு முறை ஆலை ரோட்டில் லோரி அடித்த ஆந்தை ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்தார். அன்றுதான் நான் முதன்முதலில் முழு ஆந்தையைக் கையில் பிடித்தேன். அப்பா கோணிச் சாக்கை மேலே போட்டு, சாக்கோடு இறக்கையை அணைத்து, காலைத்தான் முதலில் பிடித்தார். அலகு கடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். கால் நகம் இறங்கினால் ஆழமாகப் போகும், நீங்கள் இழுக்க இழுக்க அது இறுக்கும். காலை மெல்ல நீட்டிவிட்டால்தான் பிடி தளரும். பெரிதாகத் தெரிந்த பறவை கையில் எடுத்தால் கனமே இல்லை, அத்தனையும் இறகு. நடுவிரல் நகத்தின் உள்பக்கம் சின்னச் சீப்பு மாதிரிப் பல் வெட்டியிருக்கிறது, அதை வைத்துத்தான் முக இறகை வாரிக்கொள்ளும் என்று அப்பா காட்டினார். முகத்தோர இறகை விரலால் ஒதுக்கிக் காதையும் காட்டினார். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த ஏற்றத்தாழ்வால்தான் இருட்டில் எலி எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்தே பிடிக்கிறது. ஏழாம் வகுப்பு தாண்டாத மனுசன் இதையெல்லாம் கண்ணால் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி அதற்குள் வாசலில் வந்து நின்று, சாவு வீடாக்கப் போறியாடா, வெளியே கொண்டு போ என்று சத்தம் போட்டார். அப்பா பாட்டியிடம் எதிர்த்துப் பேசவில்லை, பறவையை ஸ்டோருக்கு மாற்றிவிட்டு மறுநாள் வனவிலங்கு இலாகா ஆளிடம் ஒப்படைத்தார். எனக்கு மட்டும் அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கோயில் கும்பாபிஷேகத்தில் செம்பருந்து மேலே வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், அதே ஆட்கள் ஆந்தை வீட்டுக் கூரையில் உட்கார்ந்தால் கல்லெடுத்து அடிக்கிறார்கள். அது உட்கார்ந்த வீட்டில் எலி இருக்கிறது, அவ்வளவுதான் சேதி.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பூங்காவில் பார்த்த அந்தச் சாது ஆந்தை. உண்மையைச் சொல்கிறேன், பகல் வெளிச்சத்தில் ஆட்கள் கூட்டத்தில் அசையாமல், உடம்பை ஒடுக்கி, கண்ணைப் பாதி மூடி நிற்கும் ஆந்தை பெரும்பாலும் நிம்மதியாக இல்லை. பயந்தால் ஆந்தை அப்படித்தான் விறைத்து நிற்கும். ஜப்பானில் ஆந்தைக் கஃபே காணொளி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன், இரவுப் பறவையைப் பகலெல்லாம் கட்டிவைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். நான் வேலை செய்த இடத்தில் செம்பருந்தும், வெள்ளை வயிற்றுக் கடற்கழுகும் இருந்தன, அவற்றைக் கையில் ஏற்றியிருக்கிறேன். தடித்த தோல் கையுறை, காலில் வார், வார் நுனி என் விரலிடுக்கில். தினமும் காலையில் எடை. நிற்கும் கட்டை வழவழப்பாக இருந்தால் உள்ளங்காலில் புண் வந்து வீங்கும், அதனால் கட்டையில் செயற்கைப் புல் சுற்றுவோம். கடற்கழுகு கையுறையை அழுத்திப் பிடிக்கும்போது தோலுக்கு மேலேயே அந்த இறுக்கம் எலும்பில் தெரியும். இரைக்காகத்தான் கையில் வருகிறது, பாசத்துக்காக இல்லை. அது எனக்கு ஒருநாளும் குறையாகப் படவில்லை.

பாசமாக வந்த ஒரே பறவையைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒரு வீட்டில் குஞ்சிலிருந்து வளர்த்த கூகையைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல குடும்பம், அன்பாகத்தான் வளர்த்திருக்கிறார்கள், எலி அருவருப்பு என்று எலும்பில்லாத கோழிக் கறி மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். வளர்கிற எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? இரண்டு காலும் வளைந்துவிட்டன. கட்டையில் நிற்க முடியாமல் வயிறு தரையில் பட உட்கார்ந்திருக்கும். என்னைப் பார்த்தால் குஞ்சு மாதிரியே கத்திக்கொண்டு தவழ்ந்து வரும், இன்னொரு ஆந்தையைப் பக்கத்தில் விட்டால் மூலைக்கு ஓடும். கண் திறந்த நாளிலிருந்து மனுச முகத்தையே பார்த்து வளர்ந்ததால் தன்னை ஆந்தை என்றே அதற்குத் தெரியவில்லை. அப்படி வளர்ந்த பறவை பருவம் வந்ததும் மனுசனையே ஜோடியாக நினைக்கும், இல்லை எதிரியாக நினைத்து முகத்தில் பாயும். காட்டில் விடவும் வழியில்லை. அது கடைசிவரை கூண்டில்தான் இருந்தது. பழகும் என்று நான் முதல் வரியில் சொன்னது இதைத்தான்.

அரபு நாட்டில் வல்லூறு வளர்க்கிறார்களே என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். வளர்க்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த தொழில், தினமும் பறக்க விடுகிறார்கள், அபுதாபியில் வல்லூறுகளுக்கென்றே 1999இலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிறது. தாமான் (குடியிருப்பு) வீட்டுப் பின்கட்டில் நாய்க் கூண்டுக்குள் ஆந்தையைப் போடுவதையும் அதையும் ஒன்றாகப் பேச வேண்டாம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. தோட்டத்து ஆந்தைத் திட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் நிர்வாகம் பெட்டி வைத்தது, ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள் என்றுதான் இருக்கிறது. ஏணி ஏறியவன் பெயர் எதிலும் இல்லை. பெட்டி பார்க்கும் வேலைக்கு என்று அப்பாவுக்கு நல்ல தோல் கையுறை ஒரு ஜோடி கொடுத்தார்கள். அதே தோட்டத்தில் என் அம்மா முதுகில் பம்பைச் சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்து அடித்தார், அந்தப் பிரட்டில் (வேலைக் கூட்டத்தில்) பெண்கள் யாருக்கும் உருப்படியான கையுறை கிடைத்ததில்லை. கேட்டால் அடுத்த மாதம் வரும் என்பார்கள். அம்மாவின் கைவிரல் நகங்கள் கறுத்துக் கழன்று விழுந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மருந்தை நம் நாட்டில் 2002இல் தடை செய்தார்கள், 2006இல் திரும்ப அனுமதித்தார்கள், 2020 ஜனவரியில்தான் முழுசாக நிறுத்தினார்கள். இடைப்பட்ட வருடங்களுக்கு யாரிடம் போய்க் கேட்பது? ஆந்தைக்கும் இதே கதிதான். பெட்டியும் வைத்துவிட்டு, எலி கூடிவிட்டது என்று புரோடிஃபாகூம் என்ற எலி விஷக் கட்டியையும் மரத்தடியில் போட்டால், அந்த எலியைத் தின்ற ஆந்தை உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். அப்பாவின் நோட்டில் செத்தது என்ற பத்தி நிறைந்தது அந்தக் கட்டி வந்த பிறகுதான்.

நிர்வாகத்தின் மேல் காழ்ப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும், தோட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் குஞ்சுக்கு வருகிறேன். தோட்டத்து ஆபீசில் கிராணியிடமோ (குமாஸ்தா) மண்டோரிடமோ (மேஸ்திரி) சொல்லிவிட்டுப் போங்கள், ஏணியும் கூட ஓர் ஆளும் கிடைக்கும். தம்பி மட்டும் தனியாக ஏற வேண்டாம். ஏறுவதற்கு முன்னால் கம்பத்தை நன்றாகத் தட்டச் சொல்லுங்கள், தாய் உள்ளே இருந்தால் வெளியே போய்விடும், இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போது முகத்தைப் பார்த்து வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். குஞ்சைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, கால் இரண்டையும் விரலிடுக்கில் வைத்து, உள்ளே பின்பக்கமாக இறக்கிவிட்டு உடனே மூடிவிட்டு இறங்கிவிட வேண்டும், படம் எடுக்க நிற்கக் கூடாது. மறுநாள் போய்ப் பெட்டிக்குக் கீழே பார்த்துவிட்டு வாருங்கள், திரும்ப விழுந்து கிடந்தால் அன்றே பெர்ஹிலித்தானுக்குச் சொல்லிவிடுங்கள்.